பித்தளைப் படி செட்: பாத்திரம் தேறியது, மாற்று அட்டை தேறவில்லை

படி, உரி, உழக்கு, ஆழாக்கு, அரை ஆழாக்கு என ஐந்து பித்தளை அளவைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வருகின்றன. கூடவே லிட்டர் கணக்கு அச்சிட்ட ஓர் அட்டையும் உண்டு. வாங்குபவர்களில் பலர் நிறைபடி வைக்கவும் சீர்வரிசைக்கும்தான் வாங்குகிறார்கள். அதற்கு இந்த செட் தாராளமாகப் போதும், மேலே படிக்க வேண்டியதில்லை. பழைய குறிப்பைப் பார்த்து அரிசி அளக்கவும், ஆழாக்கை மில்லியாக மாற்றவும் வாங்குபவர்களுக்காக எழுதியது இது.

முதலில் பாத்திரம். தகடு கனமாக இருக்கிறது. விரலால் அழுத்தினால் நெளியவில்லை. வாய் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்திருப்பதால் தலைதட்டும்போது, அதாவது விளிம்புக்கு மேல் நிற்பதை வழித்துவிடும்போது, கைக்குத் தடங்கல் இல்லை. உள்ளே அடி தட்டையாக இருக்கிறது. பழைய அளவைகளை வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இந்த அடிதான். வெளியிலிருந்து பார்த்தால் உயரம் சரியாக இருக்கும், உள்ளே அடி மேலே தூக்கியிருக்கும். ஸ்கேலை உள்ளே நிறுத்தி ஆழத்தையும், வெளியே வைத்து உயரத்தையும் அளந்தால் தெரிந்துவிடும். இரண்டுக்கும் இடையே தகட்டின் கனத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் படி குறைவாகத்தான் கொள்ளும். இந்த செட்டில் அப்படி எதுவும் இல்லை.

கொள்ளளவைத் தண்ணீரை வைத்துப் பார்த்தோம். வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிராம் வரை காட்டும் தராசு, சமமான மேடை, பாத்திரத்தின் வாயை மூடும் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு இருந்தால் போதும். காலிப் பாத்திரத்தைக் கண்ணாடியோடு சேர்த்துத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். தண்ணீரை விளிம்புக்குச் சற்று மேலே எழும்பி நிற்கும் வரை ஊற்றி, கண்ணாடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூட வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு எடை பார்க்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் செய்தால் தண்ணீர் விளிம்புக்கு மேல் புடைத்து நிற்கும். 12 செ.மீ. வாயுள்ள படியில் அந்தப் புடைப்பு 2 மி.மீ. இருந்தாலே 22 மி.லி. கூடுதலாகக் காட்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மில்லி தண்ணீர் 0.9957 கிராம்தான், ஆகவே கிடைத்த கிராமை 0.9957ஆல் வகுக்க வேண்டும். படி 1,605 கிராம் தண்ணீர் பிடித்தது, அதாவது 1,612 மி.லி.

மற்றவை: உரி 798, உழக்கு 402, ஆழாக்கு 196, அரை ஆழாக்கு 101 மி.லி. இரண்டு உரி ஒரு படி, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்பதுதான் வாய்பாடு. படி, உரி, உழக்கு மூன்றும் ஒன்றரை விழுக்காட்டுக்குள் பொருந்துகின்றன. கைத்தொழில் பாத்திரத்துக்கு இது நல்ல வேலை. ஆழாக்குதான் சறுக்குகிறது. எட்டு ஆழாக்கு சேர்ந்தால் 1,568 மி.லி.தான் வருகிறது, படிக்கு 44 மி.லி. குறைவு. காரணம் கண்ணுக்கே தெரிகிறது. ஆழாக்கின் உள்வாய் 7 செ.மீ., ஆழம் 5.1 செ.மீ. இவ்வளவு சிறிய பாத்திரத்தில் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அதிகமாக மடித்துவிட்டால் கிட்டத்தட்ட 4 மி.லி. போய்விடும், அதாவது இரண்டு விழுக்காடு. படியில் அதே ஒரு மில்லிமீட்டர் முக்கால் விழுக்காடு கூட இல்லை. ஆகையால் சின்ன அளவையால் பல முறை அளந்து பெரிய அளவைக் கூட்டாதீர்கள். ஒரு படி வேண்டுமென்றால் படியாலேயே அளங்கள்.

இனி அட்டை. அதிலுள்ள வரிகள் இவை: ஒரு செவிடு 360 நெல். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஓர் ஆழாக்கு 200 மி.லி. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு படி 1.344 லிட்டர். எட்டுப் படி ஒரு மரக்கால். ஒரு மரக்கால் 5.376 லிட்டர்.

பேனாவை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். 200ஐ எட்டால் பெருக்கினால் 1,600, அட்டையோ 1,344 என்கிறது. 1.344ஐ எட்டால் பெருக்கினால் 10.752, அட்டை அதில் பாதியைத்தான் சொல்கிறது. வரிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே எங்கோ ஓரிடத்தில் சரி. ஒன்றாகச் சேர்த்ததுதான் தவறு. மூன்று வெவ்வேறு படிகளின் கணக்கு ஒரே அட்டையில் ஏறியிருக்கிறது. இணையத்தில் சுற்றும் அளவு மாற்றிகள் பலவற்றிலும் இதே கலப்புதான்.

200 மி.லி. என்ற கணக்கு பட்டணம் படியிலிருந்து, அதாவது சென்னைப் படியிலிருந்து வருகிறது. சென்னை மாகாணத்தில் 1846இல் மரக்காலை 800 கன அங்குலம் என்று நிர்ணயித்தார்கள். எட்டில் ஒரு பங்கு படி, ஆகவே 100 கன அங்குலம், 1.639 லிட்டர். அதில் எட்டில் ஒன்று ஆழாக்கு, 205 மி.லி. நாம் சோதித்த செட்டும் இந்த வழியில் வந்ததுதான். அதன் படி பட்டணம் படிக்கு ஒன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைகிறது, அவ்வளவே.

1.344 லிட்டர் படி வேறு. அதன் ஆழாக்கு 168, உழக்கு 336, உரி 672 மி.லி. இந்தப் படியில் நான்குதான் 5.376 லிட்டர் மரக்காலுக்கு. எட்டு வேண்டுமென்றால் 0.672 லிட்டர் பிடிக்கும் நாழியை எடுக்க வேண்டும். சில வட்டாரங்களில் நாழியும் படியும் ஒன்று, சில இடங்களில் இரண்டு நாழி ஒரு படி. அட்டையை எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

செவிடு கணக்கு மூன்றாவது. 360 நெல் வீதம் ஐந்து செவிடு என்றால் ஓர் ஆழாக்குக்கு 1,800 நெல். ஆயிரம் நெல் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். 1,800 நெல் ஏறக்குறைய 40 கிராம், அது அடைக்கும் இடம் சுமார் 70 மி.லி. எண்ணி இந்த ஆழாக்கில் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகிறது. அதே வாய்பாட்டில் எட்டு ஆழாக்குக்கு 14,400 நெல், சுமார் 0.6 லிட்டர். அதாவது இது 0.672 லிட்டர் நாழிக்குப் பக்கத்தில் நிற்கும் கணக்கு, பட்டணம் படிக்கு அல்ல.

இது குழப்பமல்ல, பழைய முறையின் இயல்பே அதுதான். வாய்பாடு விகிதத்தைத்தான் சொல்லும். அளவை ஊரும் கோயிலும் தீர்மானித்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்கும் இடத்தில் ‘ஆடவல்லான்’ என்று மரக்காலின் பெயரைச் சொல்லி, அது இராசகேசரி என்ற அளவையோடு ஒக்கும் என்றும் பொறித்திருக்கிறார்கள். வெறும் மரக்கால் என்று எழுதினால் போதாது என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. பின்னாளில் அதே தஞ்சை வட்டாரத்தில் 24 பட்டணம் படி ஒரு கலம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பதால் அங்கே ஒரு மரக்காலுக்கு இரண்டே பட்டணம் படி. சென்னைக் கணக்கிலோ எட்டு. அட்டையில் ‘எந்தப் படி’ என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் பாதிப் பிழை போயிருக்கும்.

அட்டை தொடாத இன்னொரு விஷயம், தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது. பட்டணம் படிக்குத் தலைதட்டினால் 120 தோலா அரிசி, குவித்தால் 132 தோலா. பத்து விழுக்காடு வித்தியாசம். ஒரு தோலா 11.66 கிராம் என்பதால் முன்னது 1.4 கிலோ, பின்னது 1.54 கிலோ. இந்த செட்டின் படியில் 12 செ.மீ. வாய்க்கு மேல் அரிசி சுமார் 30 டிகிரி சரிவில் குவிந்தால் குவியலில் மட்டும் 130 மி.லி. நிற்கும், எட்டு விழுக்காடு. ஆழாக்கில் குவியல் 26 மி.லி.தான், ஆனால் அது 13 விழுக்காடு. பாத்திரம் சிறிதாக ஆக, குவியலின் பங்கு கூடிக்கொண்டே போகும். தலைதட்டி அளந்தால் குறைகிற இதே எட்டு ஆழாக்கு, குவித்து அளந்தால் குவித்த ஒரு படியைத் தாண்டிவிடுகிறது.

குலுக்குவதும் கணக்கைக் கெடுக்கும். நிரப்பிய பிறகு பாத்திரத்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் அரிசி இறங்கும், மேலே இன்னும் ஒரு கைப்பிடி பிடிக்கும். மாவில் இது இன்னும் மோசம், சலித்த மாவும் அமுக்கிய மாவும் ஒரே ஆழாக்கில் எடையில் வெகுதூரம் விலகும். அரிசியை ஒரே உயரத்திலிருந்து கொட்டி, குலுக்காமல், நேரான குச்சியால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். அப்படி அளந்தபோது இந்த ஆழாக்கில் பச்சரிசி 165 கிராம் வந்தது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு 168 மி.லி. ஆழாக்கு இதுதான் என்று முடிவு கட்டக் கூடாது. 165 என்பது கிராம், 168 என்பது மில்லி.

சமையலில் இதெல்லாம் எங்கே உறைக்கும்? இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால் எந்த ஆழாக்கும் சரி. அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே பாத்திரம், ஒரே மாதிரித் தலைதட்டல், அவ்வளவுதான். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்பதும் அப்படியே. ஆழாக்கும் கிராமும் ஒரே குறிப்பில் கலக்கும்போதுதான் ஆபத்து. ஓர் ஆழாக்குப் பச்சரிசிக்கு 150 கிராம் வெல்லம் என்று அதிரசத்துக்கு எழுதியிருந்தால், 168 மி.லி. ஆழாக்கில் அரிசி சுமார் 140 கிராம், 205 மி.லி. ஆழாக்கில் 170 கிராமுக்கு மேல். சிறிய ஆழாக்குக்காரருக்கு வெல்லம் மிஞ்சி, அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். பெரிய ஆழாக்குக்கு எழுதிய குறிப்பா, சிறியதற்கா என்று குறிப்பிலேயே தடயம் கிடைக்கும். எங்காவது படியையும் கிலோவையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒரு படி அரிசி ஒன்றரைக் கிலோவை ஒட்டி வந்தால் பட்டணம் படி. 1.1 கிலோவை ஒட்டி வந்தால் 1.344 லிட்டர் படி. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்றால் நாழி.

ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப்பை ஆழாக்கு என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது 180 மி.லி. பிடிக்கும் ஜப்பானிய அளவு, மேலே சொன்ன எந்த ஆழாக்கோடும் ஒட்டாது.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. உலர்ந்த தானியத்துக்குப் பித்தளை அப்படியே போதும். மோரும் புளியும் ஊற்றி வைக்கக் கூடாது, பச்சை பிடிக்கும். பால், எண்ணெய் அளந்தால் உடனே கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளி போட்டுத் துலக்குவது கொள்ளளவைப் பாதிக்காது, கீழே போட்டு அமுங்கினால் பாதிக்கும். பக்கவாட்டில் நெளிந்தால் மறுபடி தண்ணீர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கடையில் விற்பனைக்கு இதை எடுக்கவே கூடாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்தது. இப்போது நடப்பிலிருக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரத்துக்கு லிட்டரும் கிலோவும்தான், அளவையில் அரசு முத்திரையும் வேண்டும். இந்த செட்டில் முத்திரை கிடையாது. பெட்டியில் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று அச்சிடாதது விற்பவரின் குறை. களத்தில் ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்கி, ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று நெல் அளந்த காலத்துப் பொருள் என்ற பெருமைக்காக வாங்கினாலும், பணம் கைமாறும் இடத்தில் இது செல்லாது.

பாத்திரக் கடைகளில் பித்தளையை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். பெட்டியில் வரும் செட்டுக்கு மொத்தமாக ஒரு விலை. அட்டைக்கும் பெட்டிக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்பதால், ஐந்தையும் நிறுத்து, அன்றைய பித்தளை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவுகள் ஒத்துவந்தால் எடைக்கு வாங்குவதே மேல். பழைய படி வீட்டில் இருந்தால் அதைத் தண்ணீர் வைத்து அளந்துகொண்டால் போதும், புதிது வேண்டாம். அளந்து முடித்ததும் பாத்திரக் கடைக்கு எடுத்துப் போங்கள். பேர் வெட்டிக் கொடுக்கும் அதே கருவியால் ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்திலும் அதனதன் மில்லியை வெட்டச் சொல்லுங்கள். அடியில் வெட்டச் சொல்ல வேண்டாம். தேய்ந்து மறையும், அளக்கும்போது கண்ணிலும் படாது.