1,84,000 ரூபாய் போச்சு: கயிறு இழுவை காட்டுற மீட்டர் வாங்கப் போறவங்க படிச்சுட்டு வாங்குங்க

கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துல இருந்து மாலேக்குச் சரக்கு ஏத்துற 300 டன் மரத்தோணி நம்மளோடது. போன வாடைக்காத்துல கயிறு அறுந்து பக்கத்துத் தோணியில இடிச்சதுல இருந்தே பயம். கட்டுன கயித்துல எத்தனை டன் இழுவைன்னு காட்டுற லோட் ஷாக்கிள் இருக்குன்னு கேள்விப்பட்டு, மொத்த வியாபாரிங்க விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல தேடினேன். (பேரு போடலை. வக்கீல் வேண்டாம்னுட்டாரு.)

பத்து நிமிஷத்துல போன். வாயைத் திறந்ததும் "அண்ணாச்சி". அங்கயே விழுந்துட்டேன். "சோலாஸ் சட்டம் 2024 ஜனவரி 1-ல இருந்து மாறிட்டு அண்ணாச்சி, இது இல்லாம இனி பெர்த்துல கட்ட விடமாட்டான்." பிறகுதான் விசாரிச்சேன். சோலாஸ்ங்கிறது கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம். அந்தத் திருத்தம் கயித்தைச் சோதிச்சுப் பராமரிக்கச் சொல்லுதே தவிர மீட்டர் வாங்கச் சொல்லலை. அதவிட, பழைய பாணி மரக்கலங்களுக்கு சோலாஸே பொருந்தாது! 20 வருசமா தோணி வச்சிருக்கவன்கிட்டயே இந்தக் கதை.

"நம்ம ஊர்க்காரங்கட்ட ஏமாத்துவனா"ன்னான். 1,84,000 ரூபாயையும் முன்னாடியே போட்டுவிட்டேன். ரெண்டு ஷாக்கிள், ஒரு டிஸ்ப்ளே, அளவு சரின்னு ஒரு சான்றிதழ். 20 நாள் நல்லாத்தான் ஓடுச்சு, இல்ல, ஓடுதுன்னு நினைச்சேன்.

போன செவ்வாய் சரக்கு இறக்கிட்டு இருந்தோம். இறக்க இறக்கத் தோணி எழும்பும், கயிறு விறைக்கும், தண்டல் (தோணியோட தலைமை மாலுமி) அப்பப்பத் தளர்த்தி விடுவாரு. "மொதலாளி, முன்கயிறு கத்துது, கொஞ்சம் விட்டுருவமா"ன்னாரு. டிஸ்ப்ளேயைப் பார்த்தேன், 1.4 டன். "இருக்கட்டும்"னுட்டேன். கால் மணி நேரத்துல பட்டுன்னு அறுந்து, வார்ஃபுல நின்ன பயலுக்கு ஒரு சாண் தள்ளி அடிச்சுது. நைலான் கயிறு, ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தா சாட்டையாத் திரும்பும். கால் போயிருக்கும். கயிறே இல்ல, டிஸ்ப்ளே அப்பவும் 1.4.

மறுநாள் கிரேன்ல 5 டன் கான்கிரீட் கட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஒண்ணு 3.1 காட்டுது. இன்னொண்ணு சிக்னல் போனா கடைசி அளவையே புடிச்சிட்டு நிக்குது. சான்றிதழ்ல உள்ள நம்பர் ரெண்டு ஷாக்கிள்லயும் இல்ல.

போன் போட்டா முதல்ல "பேட்டரி மாத்துங்க". அடுத்து "உப்புக்காத்து பட்டா வாரன்டி கிடையாது சார்". கப்பலைக் கயித்துல கட்டிவைக்கிற இடத்துல உப்புக்காத்து படக்கூடாதாம்! அண்ணாச்சி அதுக்குள்ள சாராயிட்டேன். தளத்துக்காரங்க, திருப்புறதுக்கு 7 நாள் முடிஞ்சுது, விக்கிறவர்கிட்டயே பேசுங்கன்னுட்டாங்க. வித்தவன் இப்ப என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். 1,84,000! ஒரு மாலே நடையில எனக்கு அவ்வளவு மிஞ்சாது.

என்ன செய்யணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், முடியலை. எடை தெரிஞ்ச பொருளைத் தொங்கவிட்டுப் பாக்காம முழுப் பணம் கொடுக்காதீங்க. சான்றிதழ் நம்பரைப் பொருள் மேல உள்ளதோட ஒத்துப் பாருங்க, லேப்புக்கு நீங்களே போன் போடுங்க. சிக்னலைத் துண்டிச்சா டிஸ்ப்ளே என்ன காட்டுதுன்னு பாருங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு, ஸ்டேஷனுக்குக் கிளம்புறேன். இதே ஆள் உங்களையும் கூப்பிட்டிருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க. அண்ணாச்சின்னு கூப்பிட்டானான்னும் சொல்லுங்க.