வேளச்சேரித் தண்ணீரும் கியர் விளக்கும்

டொராண்டோவிலிருந்து கார்த்திகை மாதத்தில் சென்னைக்கு வருபவர்களுக்கு மழையைக் குறைசொல்ல உரிமையில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும் என்று தெரிந்துதானே டிக்கெட் எடுக்கிறோம்? 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியதைப் பார்த்து இங்குள்ள நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிழைக்கத் தெரிந்தவர்களின் வேலையாகத்தான் பட்டது.

என் மைத்துனரின் கார் மேம்பாலம் ஏறவில்லை. பள்ளிக்கரணைப் பக்கம் கதவின் அடிவிளிம்பு வரை நின்ற தண்ணீரில் ஊர்ந்து வீடு சேர்ந்தது. மறுநாள் காலை, பல்சக்கரத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு, கியர் பெட்டியில் கோளாறு என்று சொல்வது, எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லை. பல்சக்கரங்களுக்குப் பதிலாக பெல்ட்டால் வேகவிகிதத்தை மாற்றும் சிவிடி வகைத் தானியங்கி கியர் வண்டி அது.

“காய்ந்தால் சரியாகிவிடும் மாமா” என்றார்.

ஒயரிங் இணைப்பில் ஈரம் பட்டிருந்தால் காயும். ஆனால் கியர் பெட்டிக்குக் காற்றுப் போக்குவரத்துக்கென்று ஒரு சிறு துளை உண்டு. சூடான பெட்டி தண்ணீரில் மூழ்கினால் உள்ளேயுள்ள காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகவோ தேய்ந்த ரப்பர் சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலோடு கலந்த தண்ணீர் எங்கே காய்வது? வண்டியை அணைத்துவிட்டு காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தோம்.

மழைநாளிலும் மீட்பு வண்டி விரைவாகவே வந்தது. வந்தவர் காரின் பின்பக்கத்தைக் கொக்கியில் தூக்கி, முன்சக்கரங்கள் உருள இழுத்துப்போகப் பார்த்தார். முன்சக்கரங்களில் ஓடும் தானியங்கி வண்டியை அப்படி இழுத்தால், உள்ளே ஆயில் ஓட்டம் இல்லாமலே பாகங்கள் சுழன்று தேயும். காரை முழுமையாக மேலே ஏற்றும் தட்டையான லாரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அலுத்துக்கொண்டாலும் வரவழைத்துக் கொடுத்தார்.

சர்வீஸ் சென்டரில் குளிர்சாதன அறையும் காப்பியும் குறையில்லை. வண்டியின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள், பிழைக்குறியை அழித்தார்கள், விளக்கு அணைந்தது, பில் வந்தது. ஆயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மீண்டும் எரிந்தால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு பெருந்தொகையை மட்டும் சொன்னார்கள். அவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே விளக்கு எரிந்தது.

மறுபடியும் லாரி, இம்முறை புதுப்பேட்டைப் பக்கம், கியர் பெட்டி வேலை மட்டுமே செய்யும் ஒரு பட்டறைக்கு. அங்கே எல்லோரும் ‘பாய்’ என்று அழைக்கும் மூத்த மெக்கானிக், ஸ்கேனரைத் தொடும் முன் அடித்திருகைக் கழற்றினார். மோர் கலந்ததுபோல் வெளுத்த ஆயில் வழிந்தது. அதில் கொஞ்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, “சர்வேயர் கேட்பார் சார், வையுங்கள்” என்று என்னிடமே கொடுத்தார். சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்புபவர்தான் சர்வேயர்.

கனடாவில் நான் போகும் பட்டறைகளில் வாடிக்கையாளர் வேலை நடக்கும் இடத்துக்குள் கால்வைக்க முடியாது. இங்கே எனக்கு ஸ்டூல் போட்டார்கள். அடித்தட்டைக் கழற்றி, காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புப் பொடியை விரலில் தேய்த்துக் காட்டினார் பாய். மாவுபோல் நைசாக இருந்தது. உள்ளே பாகம் உடைந்ததைக் காட்டும் சில்லு எதுவும் இல்லை. ஃபில்டரை மாற்றி, ஒயரிங் இணைப்புகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, புது ஆயில் ஊற்றினார். சக்கரங்களை அந்தரத்தில் ஓடவிட்டு அதையும் வடித்தார். நிறம் தெளியும்வரை இதே வேலை. சிவிடியில் பெல்ட்டின் பிடிப்பே ஆயிலைப் பொறுத்தது என்பதால் சாதாரண கியர் ஆயிலை அவர் கையாலும் தொடவில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயிலைச் சீலோடு காட்டிவிட்டுத்தான் திறந்தார். கடைசியாகத்தான் ஸ்கேனர் வந்தது. அதன்பின் விளக்கு எரியவில்லை.

விலைப்பட்டியலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கேட்டதும் பாக வாரியாக எழுதிக் கொடுத்தார். சர்வேயர் பாட்டிலையும் படங்களையும் பார்த்துத் திருப்தியானார். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்குமான கூடுதல் காப்பு இருந்ததால் கூலியும் ஃபில்டரும் ஏற்கப்பட்டன. ஆயில் மட்டும் தீர்ந்துபோகும் பொருள் என்ற கணக்கில் வருகிறது. அதற்குத் தனிக் காப்பு எடுக்க வேண்டும், மைத்துனர் எடுக்கவில்லை. பில்லில் பெரிய தொகையே ஆயிலுக்குத்தான்.