சைஸ் இக்கோன் மாக்சிமார் 9×12: லென்ஸைக் குறை சொல்லமுன் பின்பக்கத்தை அளந்து பாருங்கள்

1926 இல் இக்கா, ஏர்னெமான், கோர்ட்ஸ், கொன்டெஸ்ஸா-நெட்டெல் ஆகிய கம்பனிகள் இணைந்து சைஸ் இக்கோன் ஆனபோது, இக்காவின் பட்டியலிலிருந்து வந்து சேர்ந்த மடிப்புக் கெமரா மாக்சிமார். 9×12 செ.மீ. அளவு, 13.5 செ.மீ. f4.5 டெஸ்ஸார் லென்ஸ், கொம்பூர் ஷட்டர், பெல்லோஸை (லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள மடிப்புத் துருத்தியை) இரட்டை நீளத்துக்கு இழுக்கும் ரெயில். கொழும்பில் ஒன்று கைக்குக் கிடைத்தால் வாங்கலாம். படம் மங்கலாக விழுகிறது என்று விலையைக் குறைத்துத் தந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த மங்கலுக்கு டெஸ்ஸார் காரணமாக இருப்பது அபூர்வம்.

இந்தக் கெமராவில் நாம் ஃபோகஸ் பார்ப்பது ஓரிடம், பிலிம் உட்காருவது இன்னொரு சட்டம். படம் விழுவதைப் பார்க்கும் சொரசொரப்புக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் பின்சட்டத்தைக் கழற்றிவிட்டு அதே தவாளிப்பில் பிலிம் வைத்த ஹோல்டரைச் செருகுகிறோம். கண்ணாடியின் சொரசொரப்பு முகமும் பிலிமின் முகமும் ஒரே ஆழத்தில் வரவேண்டும். லென்ஸை முழுதும் திறந்த f4.5 இல், ஒரு புள்ளி 0.1 மி.மீ. வட்டமாக மங்குவதை ஏற்றுக்கொண்டால், முன்னும் பின்னும் 0.45 மி.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கண்ணுக்குத் தெரியும். முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கு) வைத்த லென்ஸ் 1 மி.மீ. முன்னால் நின்றால் கூர்மை 18 மீற்றரில் போய் விழும்.

முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. சொரசொரப்பு லென்ஸைப் பார்க்க வேண்டும். துடைப்பதற்காகக் கழற்றியவர்கள் வழவழப்பான பக்கத்தை உள்ளே விட்டு மாட்டிவிடுவது வழமை. 1.5 மி.மீ. தடிப்பான கண்ணாடியைத் திருப்பி மாட்டினால், கண்ணாடிக்குள் ஒளி வளைவதையும் கணக்கில் எடுத்தால், பிழை ஏறத்தாழ 1 மி.மீ. மூன்று மீற்றரில் இருப்பவரின் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் அவருக்குப் பின்னால், கெமராவிலிருந்து மூன்றரை மீற்றரில் இருக்கும் சுவர்தான் கூர்மையாக வரும். நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது, படம் மட்டும் தவறுகிறது என்றால் அளக்க வேண்டியதுதான். வேணியர் இடுக்கிமானியின் வாலில் நீளும் ஆழக்கம்பி போதும். பின்சட்டம் கெமரா உடலோடு ஒட்டும் முகத்தின் குறுக்கே ஓர் உருக்கு அடிமட்டத்தை வைத்து, அதன் மேலிருந்து சொரசொரப்பு முகம் வரை அளந்து, அடிமட்டத்தின் தடிப்பைக் கழியுங்கள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் எடுங்கள். பிறகு ஹோல்டரில் ஒரு வீணான பிலிமை ஏற்றி, ஹோல்டரை மூடும் டார்க் ஸ்லைடை இழுத்துவிட்டு அதே மாதிரி அளங்கள். கம்பியை அழுத்தினால் பிலிம் பின்னால் போய்ப் பொய்க்கணக்குக் காட்டும், தொட்டும் தொடாமலும் வையுங்கள். 0.2 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். 0.4 ஐத் தாண்டினால் திருத்துங்கள்.

கண்ணாடி முன்னால் நிற்கிறது, பிலிம் ஆழத்தில் இருக்கிறது என்றால் கூர்மை ஆளுக்கு முன்னால் விழும். கண்ணாடி தங்கும் விளிம்பு லென்ஸ் பக்கமாக இருந்தால், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான்கு பக்கமும் கடதாசிக் கீலங்கள் வைத்தால் சரி. 80 கிராம் ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்பு. பசை பூசாதீர்கள், கொழும்பு ஈரப்பதத்தில் அது ஊறிப் புடைக்கும். கண்ணாடி ஆழத்தில் இருந்தால், முன்பு யாரோ வைத்த கடதாசி அங்கேயே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரத்தால் சட்டத்தை ராவுவது வேண்டவே வேண்டாம்.

உடைந்த கண்ணாடிக்கு மாற்று இங்கேயே செய்யலாம். படம் சட்டம் போடும் கடைகளில் 2 மி.மீ. கண்ணாடி வெட்டித் தருவார்கள். பழையதை விட இது தடிப்பு. விளிம்பு லென்ஸ் பக்கம் இருந்தால் தடிப்பால் ஃபோகஸ் மாறாது, கிளிப் பூட்டாமல் மட்டும் தொந்தரவு தரும். கண்ணாடியை உள்பக்கத்திலிருந்து போடும் சட்டமானால் தடிப்பு வித்தியாசம் முழுவதும் அப்படியே பிழையாக மாறும், ஆகவே முதலில் சட்டத்தைப் பாருங்கள். தேய்ப்பதற்கு 600 இலக்கச் சிலிக்கன் காபைட் தூள் வேண்டும். மாணிக்கக்கல் பட்டை தீட்டும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. விளிம்புகளைச் சாணைக்கல்லில் மழுக்கிவிட்டு, தூளோடு சில துளி தண்ணீர் விட்டு, இன்னொரு கண்ணாடித் துண்டால் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். விளிம்பை மழுக்காமல் தொடங்கினால் உதிரும் சில்லு நீண்ட கீறல் போட்டுவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பளபளக்கும் புள்ளி ஒன்றும் இருக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது வெயிலில் வளையும், வளைந்தால் இத்தனை அளவும் வீண்.

அடுத்த கள்ளன் ஷீத், அதாவது ஹோல்டருக்குள் பிலிமைத் தாங்கும் தகர உறை. இந்த ஹோல்டர்கள் கண்ணாடித் தட்டுக்காகச் செய்தவை. பிலிமின் தடிப்பு 0.2 மி.மீ. அளவுதான். மூன்று ஓரமும் மடித்த தகர ஷீத்துக்குள் வைக்காமல் பிலிமை நேரே செருகினால் நடுவில் தொய்யும். படத்தின் ஓரம் கூர்மை, நடு மங்கல் என்று வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹோல்டருக்குப் பதிலாக 120 ரோல் பிலிம் பின்பெட்டி போடுகிறவர்கள் அதன் ஆழத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

பின்பக்கம் நேரான பிறகுதான் முடிவிலித் தடுப்பை, அதாவது தொலைதூர ஃபோகஸுக்கு லென்ஸ் வந்து நிற்கும் இடத்தைக் குறிக்கும் தடுப்பை, தொட வேண்டும். காலிமுகத்திடலில் ஸ்டாண்டில் நிறுத்தி, f4.5 இல் திறந்து, தொடுவானத்துக் கப்பலையோ தாமரைக் கோபுரத்தையோ 10 மடங்கு லூப்பால் (உருப்பெருக்கிக் கண்ணாடியால்) கிரவுண்ட் கிளாஸில் பாருங்கள். வெயில் ஏற முன் போங்கள், பிறகு கானல் அலை கூர்மையைக் கலைக்கும். கோபுரம் தலைகீழாகக் கத்திக் கூர்மையாக நிற்கும் இடத்தில் தூர அளவுகோல் ∞ இல் நிற்காவிட்டால், ரெயிலில் உள்ள தடுப்பின் திருகுகளைத் தளர்த்தி நகர்த்துங்கள். இடது வலது தடுப்புகள் சமமாக நிற்க வேண்டும். ஒன்று முந்தினால் லென்ஸ் பலகை சாய்ந்து, படத்தின் ஒரு பாதி மட்டும் மங்கும். ஷட்டரைப் பலகையோடு பிடிக்கும் பின்வளையமும் தளர்ந்திருக்கலாம், விரலால் ஆட்டிப் பாருங்கள். டெஸ்ஸாரின் முன் கண்ணாடி முழுதும் திருகி முடிந்திருக்கவும் வேண்டும்.

லென்ஸில் பூஞ்சணம் இருந்தால் படம் வெளிறும், ஆனால் ஃபோகஸ் இடம் மாறாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு லென்ஸைப் பிரிக்கச் சொல்லிப் பழுதுபார்க்கும் கடையில் கொடுக்காதீர்கள். ஷட்டர் மெதுவாக ஓடினால் கொடுங்கள், அது அவர்கள் வேலை.

சோதனைக்குப் பிலிமை வீணாக்கத் தேவையில்லை. கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் தாளை 9×12 ஆக வெட்டி ஷீத்தில் வைக்கலாம், அதன் வேகம் ஐஎஸ்ஓ 6 அளவு. திறந்த நிழலில் f4.5, 1/10 செக்கன். அளவு நாடாவைச் சாய்வாக விரித்து, 150 செ.மீ. இலக்கத்துக்கு ஃபோகஸ் வையுங்கள், படத்திலும் அதே இலக்கம்தான் கூர்மையா என்று பாருங்கள். எக்ஸ்ரே பிலிமில் இந்தச் சோதனை செய்ய வேண்டாம். அதில் பெரும்பாலானவற்றுக்கு இருபுறமும் பூச்சு இருப்பதால் கூர்மை இயல்பிலேயே குறையும்.

வாங்கும்போது ஹோல்டர் இல்லாத மாக்சிமாரைத் தவிருங்கள். கம்பனிக்குக் கம்பனி ஓரத் தவாளிப்பு மாறும், பிறகு தேடி வாங்கும் ஹோல்டர் இறுகும் அல்லது ஆடும். ஆடுகிற ஹோல்டரை எந்தக் கடதாசியும் திருத்தாது. அசல் பின்சட்டமும் அதனுடன் வந்த இரண்டு மூன்று ஹோல்டர்களும் இருந்தால், பெல்லோஸ் மூலையில் ஊசித்துளை இருந்தாலும் பேரம் பேசலாம். 9×12 அளவில் இல்ஃபோர்ட் எஃப்பி4, ஃபோமாபான் 100 இரண்டும் இன்னும் வெளிவருகின்றன.