ஊட்டிக்கு எந்த மாதம்? அதற்கு முன் மலையின் எந்தப் பக்கம்?

கோயம்புத்தூரில் வீடு இருந்தால் சொந்தக்காரர்கள் இரண்டு காரியத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று ஊட்டி. "எந்த மாசம் போனா நல்லாருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு ரொம்ப நாளாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: மே மாதம் சீசன், கூட்டம் பிடிக்காதென்றால் செப்டம்பர். பதில் தப்பில்லை. ஆனால் அதை நம்பிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேனுவில் என் அத்தை இருக்கிறார். முப்பது வருடமாக அதே வீடு. ஒருமுறை ஜூலையில், ஊட்டியில் கனமழை என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிப்போய் அவருக்கு போன் போட்டேன். "இங்க வெயில் அடிக்குது கண்ணு, மொளகா காயப் போட்டிருக்கேன்" என்றார். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் முப்பது கிலோமீட்டர்கூடக் கிடையாது.

நீலகிரிக்கு ஒரு மழைக்காலம் இல்லை, இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கமிருந்து ஏறி கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி என்று மேற்குச் சரிவை அடித்து நொறுக்கும். நடுவில் 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. மேகம் அந்த முகட்டைத் தாண்டுவதற்குள் சரக்கைப் பெரும்பாலும் இறக்கிவிடும். அதற்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு வந்து சேர்வது காற்றும் தூறலும்தான். அக்டோபர் கடைசியில் ஆட்டம் மாறும். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகிழக்கு மழை முதலில் முட்டுவது குன்னூரிலும் கோத்தகிரியிலும். அப்போது பைக்காரா பக்கம் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். ஊட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே மாதத்தை மட்டும் தனியாக ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் என்று ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மே மாதமா, செப்டம்பர் கடைசியா?

இதுதான் வழக்கமான போட்டி. மேயின் பலம் எல்லாருக்கும் தெரிந்தது. பிள்ளைகளுக்கு லீவு, கீழே நாற்பது டிகிரி கொதிக்கும்போது மேலே இருபத்திரண்டு, இருபத்து மூன்று. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ரோஜா பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று கோடை விழா களைகட்டும். குன்னூர் ரோட்டோரத்தில் பிளம்ஸ் பழம் குவித்து விற்பார்கள். இதெல்லாம் செப்டம்பரில் கிடைக்காது.

பலவீனமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அனுபவித்தால்தான் உறைக்கும். நான்கு வருடம் முன்பு ஒரு மே சனிக்கிழமை, மேட்டுப்பாளையத்தில் காலை டிபன் முடித்துக் கிளம்பினோம். பர்லியார் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. கொண்டை ஊசி வளைவில் சாய்ந்தபடி ஹேண்ட் பிரேக்கில் நின்று, கிளட்ச் கருகும் வாடையை மோந்துகொண்டே, ஊட்டி போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரப் பயணம். முந்தைய செப்டம்பரில் 1,800 ரூபாய்க்குத் தங்கிய அதே லாட்ஜில் அதே அறைக்கு அன்று 5,000. ஹீட்டர் மட்டும் அன்றும் வேலை செய்யவில்லை.

நெரிசலைக் குறைக்கத்தான் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025-இல் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அதனால் சீசனில் கிளம்பும் அன்றைக்குப் பதிவு செய்து கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லையே இல்லை. சீசன் நேரத்தில் ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்று ஒருவழியாக்கி விடுவதும் உண்டு. கோத்தகிரியில் அறை போட்டிருப்பவர்கள் சுற்றி வளைத்துப் போக நேரிடும்.

மேயை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம், அதன் கடைசி வாரம். தென்மேற்கு மழை கேரளத்தில் தொடங்குவது வழக்கமாக ஜூன் 1. 2025-இல் மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை, சுற்றுலா இடங்களுக்குப் பூட்டு. லீவு முடிவதற்குள் போய்விடலாம் என்று கடைசி வாரத்துக்கு அறை போட்டவர்கள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் இரண்டாம் வாரம் வரை ஊட்டிக்காரர்கள் இரண்டாம் சீசன் என்பார்கள். பூங்காவில் மறுபடி ஆயிரக்கணக்கில் தொட்டிகளை அடுக்கிவிடுவார்கள். ஆனால் என் கணக்கில் இந்த மாதத்தின் சிறப்பு பூங்காவில் இல்லை, மேற்கில் இருக்கிறது. மூன்று மாத மழையைக் குடித்த பைக்காரா அணை ததும்பி நிற்கும். மே மாதத்தில் பாறையாகத் தெரியும் அருவியில் தண்ணீர் முழு அகலத்துக்கு இறங்கும். புல்வெளி அத்தனையும் பச்சை. ஒரே எச்சரிக்கை, ஆயுதபூஜையைச் சுற்றிய நான்கு நாள் விடுமுறை. அது மே மாதத்தைத் தூக்கி அக்டோபரில் வைத்ததுபோல் இருக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத வீடென்றால் செப்டம்பர் கடைசிக்கே என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் மேதான் வழி. அதிலும் முதல் இரண்டு வாரம், செவ்வாய் புதன் பார்த்துப் போங்கள்.

ஜூலையா, நவம்பரா?

இந்த ஒப்பீட்டை யாரும் செய்வதில்லை. இரண்டும் ஆஃப் சீசன், இரண்டும் மழை, அறை வாடகை இரண்டிலும் குறைவு என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றே அல்ல.

தென்மேற்கு மழையைக் குறைத்து மதிப்பிடச் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 140. காற்றுக்குக் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) வேரோடு சாய்ந்து ரோட்டை மறிப்பது ஜூலை, ஆகஸ்டில் அன்றாடக் காட்சி. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இரண்டு பாதைகளும் கிழக்குச் சரிவில் இருக்கின்றன. ஜூலையில் அவை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். கோத்தகிரியில் தங்கிக்கொண்டு, கோடநாடு காட்சிமுனையும் தேயிலைத் தோட்டத்து நடையுமாக நாளை ஓட்டலாம். சாயங்காலம் மேற்கே பார்த்தால் தொட்டபெட்டா முகட்டில் மேகம் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கும், இறங்காது. போகும் வழியில் பர்லியாரில் மங்குஸ்தான் சீசன் வேறு. கையில் எடுத்து லேசாக அழுத்தினால் தோல் அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் பழசு, எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

நவம்பரில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, மேற்கே ஊட்டி, பைக்காரா பக்கம் தங்கினால் ஆச்சு என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். தங்கும் இடத்தில் வெயில் அடிக்கும், சரி. ஏறும் பாதை கிழக்கில்தானே இருக்கிறது? வடகிழக்கு மழை நேராகத் தாக்குவது அந்தச் சரிவைத்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அளவு எல்லா வருடமும் வராது. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து மலை ரயில் ரத்தாவது கிட்டத்தட்ட ஒவ்வொரு நவம்பரும் கேள்விப்படுவது. 1899-இல் ஓடத் தொடங்கிய அந்தப் பல்சக்கரப் பாதையில் ஏறுவதற்காகவே வருகிறவர்கள் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை டிக்கெட் போடாமல் இருப்பது நல்லது.

ஆக, தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு ஜூலை நவம்பரை அடித்துவிடும். பெங்களூர், மைசூர் பக்கமிருந்து வந்தால் தீர்ப்பு தலைகீழ். அவர்கள் ஏறும் கூடலூர் மலைப்பாதை ஜூலையில் நனைந்து ஊறிக் கிடக்கும். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு ஒன்பது மணிக்கு மூடிக் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள் என்பதையும் அவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

ஜனவரி

இதற்குப் போட்டி வைக்க எனக்கு வேறு மாதம் கிடைக்கவில்லை.

குளிரைப் பார்க்கத்தான் ஊட்டிக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, குளிர் இருக்கும் மாதத்தில் மட்டும் யாரும் போவதில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கியதும் மலை காலியாகிவிடும். பகலில் இருபது டிகிரி, நல்ல வெயில், தூசியில்லாத வானம். தூரத்து முகடுகள் மே மாதத்தைவிட ஜனவரியில்தான் தெளிவாகத் தெரிகின்றன. தொட்டபெட்டா பக்கம் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். கிழக்கே ஹெத்தையம்மன் திருவிழா நடக்கும் மாதமும் பெரும்பாலும் இதுதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலையில் படுகர் மக்கள் ஊர் ஊராக நடந்துபோவதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம்.

உறைபனி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தப்பு, உயரமான இடத்தில் அறை போடுவது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான திறந்த இடங்களில்தான் பனி உறையும். மேகமில்லாத, காற்றில்லாத இரவாகவும் இருக்க வேண்டும். போன வருடம் தலைகுந்தாவில் காலை ஆறரைக்கு இறங்கி நின்றேன். புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் வெள்ளை. செருப்புக்கு அடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஒரு டாக்ஸி டிரைவர் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏற ஏற வெள்ளை கரைந்தது. ஆனால் மரங்களின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் கரையவில்லை. பச்சைப் புல்லின் மேல் கிளையும் இலையுமாக மர வடிவத்தில் வெள்ளை நிழல்கள் படுத்திருந்தன. எட்டரை மணிக்கு அதுவும் போய்விட்டது.

நமக்கு வேடிக்கை, தேயிலைக்காரர்களுக்கு அது நஷ்டம். பனி விழுந்த தோட்டத்தில் கொழுந்து நெருப்பில் வாட்டியதுபோல் கருகி நிற்கும். அங்கே நின்று செல்ஃபி எடுக்கும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சிரிக்கலாம்.

சொல்ல மறந்தது: ஊட்டி பேக்கரிகளில் விற்கும் மொறுமொறு வர்க்கி ஜனவரியில்தான் வர்க்கியாக இருக்கும். ஜூலையில் வாங்கினால் வீடு வருவதற்குள் ஈரக்காற்று பட்டு நமத்துப்போகும்.

பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் எனக்குப் பிடிப்பதில்லை. புல் காய்ந்து பழுப்பேறி, காட்டுத்தீ பயம் தொடங்கிவிடும். முதுமலையில் இலை உதிர்ந்த காட்டில் மிருகங்கள் எளிதாகக் கண்ணில் படும் என்பார்கள், அது உண்மைதான்.

குறிஞ்சிக்காகப் போகிறேன் என்பவர்களுக்கு: பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பெருவாரியாகப் பூத்தது. அடுத்தது 2030. மாதம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. அன்றைக்கு இ-பாஸ் நிலவரம் எப்படி இருக்குமோ.

வயதானவர்களைக் கூட்டிப்போவதென்றால் மேலே சொன்ன எதுவும் சரிவராது. ஜனவரிக் குளிரில் மூட்டு பிடித்துக்கொள்ளும், மே நெரிசலில் வண்டிக்குள் உட்கார முடியாது, ஜூலைக் காற்றில் இருமல் வரும். அவர்களுக்கு ஏப்ரல் முதல் பாதி. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும், அதனால் கூட்டமில்லை. ஜகரண்டா மரங்கள் இலையே தெரியாமல் ஊதாவாகப் பூத்து, குன்னூர் ரோட்டில் உதிர்ந்து கிடக்கும். மதியத்துக்கு மேல் ஒரு கோடை மழை வந்தால் வரும், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும்.

அம்மாவை இந்த முறை அப்படித்தான் கூட்டிப்போகிறேன், ஏப்ரல் இரண்டாம் வாரம், புதன்கிழமை. அத்தையிடம் போன் போட்டுச் சொன்னேன். "மே மாசம் வராம இருந்தியே, அதுவரைக்கும் சந்தோசம்" என்றார். "வர்றப்ப காரமடையில நிறுத்தி ரெண்டு கட்டு கருவேப்பில வாங்கிக்க கண்ணு. இங்க விக்கிறதுல வாசமே இல்ல."