ஆர்எக்ஸ் 6600: வேலூர் வெயிலில் எட்டு மாதம்

நான் வாங்கியது ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி மெமரி. 2025 மார்ச்சில் வாங்கினேன், சத்துவாச்சாரியில் மொட்டை மாடியை ஒட்டிய என் அறையில் தினமும் ராத்திரி இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகிறது. நல்ல கார்டுதான். ஆனால் யார் கேட்டாலும் இதையே வாங்கு என்று சொல்ல மாட்டேன், முதலில் உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து காட்டுங்கள் என்பேன்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 புராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 1080பி மானிட்டர். பழைய கார்டு ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. வாலரண்ட் கேம் ஆடுகிறவரைக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமை ஆடலாம் என்று பார்த்தால், ரே டிரேசிங்குக்கான, அதாவது ஒளியும் நிழலும் நிஜம் போல விழக் கணக்குப் போடும், வன்பொருள் இல்லாத கார்டில் அது திறக்கவே திறக்காதாம். குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருந்ததே ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், இரண்டும் 8 ஜிபி. 2025 மே மாதம் வரவிருந்த புது டூம் கேமும் அதையேதான் கேட்டது. ஆக 4 ஜிபி கார்டின் காலம் முடிந்தது என்று புரிந்துகொண்டு, 22 ஆயிரம் பட்ஜெட் வைத்துக் கிளம்பினேன்.

ஊரிலேயே ஒரு கடையில் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, "புதுசு தம்பி, பெட்டி கூடப் பிரிக்கல" என்று 9 ஆயிரத்துக்குக் காட்டினார்கள். 580 என்பது 2017இல் வந்த கார்டு, அது எப்படி இன்னும் புதுசாக இருக்கும்? பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 2048எஸ்பி என்று இருந்தது. அசல் 580இல் 2304 கோர். 2048 கோர் என்றால் அது 570, பெயர்தான் 580. "அண்ணா, ஜிபியூ-இசட் போட்டுக் காட்டுங்களேன்" என்று, கார்டின் உண்மை விவரத்தைக் காட்டும் அந்த மென்பொருளைக் கேட்டதும், டெஸ்ட் சிஸ்டம் ரிப்பேர் என்றார் கடைக்காரர். கிரிப்டோ நாணய மைனிங்கில் வருடக்கணக்காக வெந்த சிப்பைப் புதுப் பலகையில் ஒட்டி விற்பதும் நடக்கிறது. அதெல்லாம் இல்லை என்றாலும் இதில் ரே டிரேசிங் கிடையாது, ஏஎம்டியும் 2023 கடைசியிலேயே இந்தத் தலைமுறையைத் தனி டிரைவர் மென்பொருளில் தள்ளிவிட்டு அவசரத் திருத்தம் மட்டும்தான் தருகிறது. 9 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது ஆர்டிஎக்ஸ் 3050. இதில் ஒரு குளறுபடி இருக்கிறது, ஒரே பெயரில் இரண்டு கார்டு. 8 ஜிபியில் 2560 கோர், 128 பிட் மெமரி பாதை. 2024இல் வந்த 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட். கடையில் பெரும்பாலும் "3050 இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்வார்கள், எது என்று நாம்தான் கேட்க வேண்டும். 6 ஜிபிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 70 வாட்தான் எடுக்கும், பெரும்பாலானவற்றுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம். ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்பை வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். குடியாத்தத்தில் இருக்கிற என் சித்தி பையன் அப்படி ஒன்றுதான் வைத்திருக்கிறான், அவனுக்கு இதைத்தான் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு வேண்டாம். ரே டிரேசிங் அதில் இருக்கிறது, எங்கள் ஊரில் பாலாறு இருக்கிற மாதிரி.

இன்டெல் ஆர்க் பி580தான் ரொம்ப ஆசை காட்டியது. 12 ஜிபி! ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புராசசர் ஒரே மூச்சில் அணுக விடும் வசதி) இல்லாத போர்டில் அது படுத்துவிடும். என் பி450இல் பயாஸ் அப்டேட் பண்ணி அதைச் சரிக்கட்டினாலும், 3600 மாதிரி பழைய புராசசரோடு சேர்ந்தால் டிரைவர் சுமையில் ஃபிரேம் நன்றாகவே குறைகிறது என்று பல பேர் சோதித்துக் காட்டியிருந்தார்கள். புது புராசசர் இருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆர்டிஎக்ஸ் 4060க்கு எனக்குச் சொன்ன விலை 28 ஆயிரம். 115 வாட், டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கி ஃபிரேமை ஏற்றும் என்விடியா வித்தை), எல்லாம் அருமை. பிளெண்டர், வீடியோ எடிட்டிங் என்று வேலையும் பார்க்கிறவர்கள் இ.எம்.ஐ போட்டாவது என்விடியா பக்கம் போங்கள். நான் விளையாட மட்டும்தான்.

சரி, 6600. இங்கே கிடைக்கவில்லை, காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் பில் வேண்டாம் என்றால் 1,500 குறைக்கிறேன் என்றார்கள். பில் இல்லாமல் வாரண்டிக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? 18 சதவீத ஜிஎஸ்டியோடு 20,900 கொடுத்து, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கார்டின் நீளத்தை முன்னாடியே அம்மாவின் தையல் டேப்பை வைத்து கேபினெட்டுக்குள் அளந்திருந்தேன், கனகச்சிதமாக உட்கார்ந்தது. அவ்வளவு புத்திசாலித்தனத்தோடு வந்தவன் கோட்டை விட்டது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தருகிற பெட்டியில். 6600க்கு 8 பின் கேபிள் வேண்டும். என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் டார்ச் அடித்துத் தேடினால், ஒரு ஓரமாகக் கட்டி வைத்திருந்தது ஒரே ஒரு 6 பின். 1650க்குக் கேபிளே தேவைப்படாததால் இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை. அடாப்டர் போட்டு ஒப்பேற்றலாம் என்றார்கள், எனக்கு மனசு வரவில்லை. புது 550 வாட் 3,900. மொத்தம் 24,800 ஆயிற்று. 22 ஆயிரம் பட்ஜெட்டைப் பற்றி அப்புறம் வீட்டில் யாரும் பேசவில்லை.

ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. சைபர்பங்க் கேம் 1080பி ஹை செட்டிங்கில், ரே டிரேசிங்கை அணைத்துவிட்டால், 60க்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைப் போட்டால் ஸ்லைடு ஷோ. இந்தியானா ஜோன்ஸ் டெக்ஸ்ச்சரைக் குறைத்தால் நன்றாகவே ஓடுகிறது. டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஏஎம்டியின் பதிலான எஃப்எஸ்ஆர் போட்டால் ஃபிரேம் ஏறும், ஆனால் 1080பியில் கம்பி வேலி, தலைமுடி எல்லாம் நெளியும். டிஎல்எஸ்எஸ் இந்த விஷயத்தில் ஒரு படி மேல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சூடு பற்றிச் சொல்லாமல் இருந்தால் இது வேலூர்க்காரன் எழுதியதே இல்லை. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில், மத்தியானம் சிப்பின் ஹாட்ஸ்பாட் (அதிகம் சுடும் இடம்) 97 டிகிரி காட்டியது, ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலேயே வோல்டேஜை 1150 மில்லிவோல்ட்டிலிருந்து 1080க்கு இறக்கினேன், முன்பக்கம் ஒரு 500 ரூபாய் ஃபேன் மாட்டினேன், 87க்கு வந்தது. ஃபிரேமில் வித்தியாசமே தெரியவில்லை. யூபிஎஸ் மட்டும் பாவம், முன்பு கரண்ட் போனால் பத்து நிமிடம் தாங்கும், இப்போது ஆட்டத்தை சேவ் பண்ணுவதற்குள் கூப்பாடு போடுகிறது.

2025 அக்டோபர் கடைசியில், என் 6600 இருக்கிற 6000 வரிசையை மெயின்டனன்ஸுக்கு, அதாவது பராமரிப்பு மட்டும் செய்கிற நிலைக்கு, மாற்றுகிறோம் என்று ஏஎம்டி டிரைவர் குறிப்பில் எழுதி வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகு, இல்லை, புது கேம்களுக்கு ஆதரவு தொடரும் என்று விளக்கம் சொன்னார்கள். 2025 ஜூலையில் ஆர்டிஎக்ஸ் 5050 வேறு வந்திருக்கிறது, 8 ஜிபி, 130 வாட், டிஎல்எஸ்எஸ்ஸோடு. இன்றைக்கு வாங்குவதாக இருந்தால், இரண்டின் விலையையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் 6600க்குப் பணம் எடுத்து நீட்ட மாட்டேன்.

சித்தி பையன் போன வாரம் வந்தான். 3050 வாங்கட்டுமா அண்ணா என்றான். என்ன ஆடுகிறாய் என்று கேட்டேன், வாலரண்ட் மட்டும்தானாம். என் 1650ஐ அலமாரியிலிருந்து எடுத்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, பேப்பரில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.