சுழலும் ஃபோன் ஹோல்டர்: நெட்டுவாக்குக்கும் படுக்கைவாக்குக்கும் ஒன்றே போதும்

ட்ரைபாடில் ஃபோனைப் பொருத்தும் ஹோல்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. நாங்கள் பரிந்துரைப்பது, பிடி தன் அச்சிலேயே சுழன்று, பின்னால் அதை இறுக்கத் தனித் திருகு உள்ள வகையைத்தான்.

சுழலாத சாதா ஸ்பிரிங் பிடியில் ஃபோன் படுக்கைவாக்கில்தான் உட்காரும். நெட்டுவாக்கில் எடுக்க, ட்ரைபாடின் பால் ஹெட்டையே (எந்தப் பக்கமும் சாயும் உருண்டைத் தலை) 90 டிகிரி பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்போது எடை முழுக்க ஒரு பக்கம் போய்விடும். மைக்கும் சேர்ந்தால் லேசான ட்ரைபாட் கவிழும். கால் அங்குலத் திருகும் மெல்ல நெகிழ்ந்து, ஃபோன் தலை குனியும். வேறு வழியில்லை என்றால், ட்ரைபாடின் ஒரு காலை ஃபோன் சாயும் பக்கமே வையுங்கள். சுழலும் பிடியில் இந்தத் தொல்லை இல்லை. எப்படித் திருப்பினாலும் எடை நடுத்தண்டின் மேலேயே நிற்கும்.

வாங்கும்முன் உங்கள் ஃபோனைக் கேஸோடு மாட்டிப் பாருங்கள். பிடி 85 மில்லிமீட்டராவது விரிய வேண்டும். ஸ்பிரிங்கைவிடத் திருகி இறுக்கும் பிடி நல்லது. ரப்பர் பட்டை பவர் பட்டன்மேல் விழுந்தால் திரை அணைந்து பதிவு நின்றுவிடும். ஃபோனைச் சற்று நகர்த்தி மாட்டுங்கள். நெட்டுவாக்கில் ஃபோனின் கீழ்ப்பாதி பிடிக்குக் கீழே தொங்கும், சார்ஜர் முனை ட்ரைபாட் தலையில் இடிக்கும். L வடிவ முனையுள்ள கேபிள் இதற்குத் தீர்வு. மைக் மாட்டும் தடம் சுழலும் பாகத்தில் இருந்தால் மைக்கும் கூடவே படுத்துவிடும். அது அசையாத பாகத்தில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

எந்த வாக்கு என்பதைப் படம் ஓடும் இடம் தீர்மானிக்கட்டும். ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் அகலம், உயரம் 9:16, டிவிக்கும் நீண்ட யூடியூப் வீடியோவுக்கும் 16:9. நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்த கச்சேரியை நெட்டுவாக்கில் அடக்கப் பின்னால் போக வேண்டியிருக்கும், முகங்கள் சிறுத்துப்போகும். தனியாக நின்று ஆடுபவருக்கோ நெட்டுவாக்கு அழகாகப் பொருந்தும். இரண்டும் வேண்டுமென்றால் 4K-இல் (3840×2160 பிக்சல்) படுக்கைவாக்கில் எடுத்து, ஆளை நடுவிலேயே வைத்திருங்கள். அதிலிருந்து 1215×2160 அளவில் நெட்டுவாக்குத் துண்டு வெட்டலாம். ரீல்ஸின் 1080×1920-க்கு அது தாராளம். சாதாரண 1080p-இல் (1920×1080) வெட்டினால் அகலம் 607 பிக்சல்தான் மிஞ்சும். அதைப் பெரிதாக்கினால் மங்கித்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பெரும்பாலான ஃபோன்களில் பதிவு தொடங்கும் நொடியில் இருக்கும் திசைதான் கோப்பில் பதியும். நடுவில் ஹோல்டரைச் சுழற்றினால் மீதிப் படம் படுத்தே ஓடும். அடுப்புக்கு மேலிருந்து நேர்கீழாகச் சமையலை எடுக்கும்போது ஃபோனுக்கே திசை பிடிபடாது. முதலில் ஃபோனை நிமிர்த்தி, வேண்டிய வாக்கில் திருப்பி, திரையில் உள்ள ஐகான்கள் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்துப் பதிவைத் தொடங்குங்கள். பிறகு ஃபோனைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். அந்த முதல் சில நொடிகளை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம்.