“தேனீத் தோட்டம் கிட்” வாங்குமுன் இதைப் படியுங்கள்: உள்ளே வரும் ஊதாக் குருணையைக் கையால் தொடாதீர்கள்

மாடித்தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். தேனீயையும் பட்டாம்பூச்சியையும் வரவழைக்கும் மூலிகைத் தொகுப்பு என்று ஆன்லைனில் இப்போது பலரும் விற்கிறார்கள். நான் வாங்கியதன் விலை 2,850 ரூபாய். எட்டு வகை மூலிகை விதை, வேர் விட்ட மூன்று நாற்று, வளர்ப்புப் பைகள், தேங்காய் நார்க்கழிவுக் கட்டி, ‘வேர் பாதுகாப்புத் துகள்’ ஒரு பொட்டலம், ஒரு குறிப்பேடு. எல்லாம் நூறு சதவீதம் ஆர்கானிக் என்று அட்டையில் பச்சை எழுத்தில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை. ஆனால் வந்த பொருளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, அதில் ஒன்று விஷம்.

வாங்கிய காரணம் எளிது. வேளச்சேரியில் நான்கு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி. பாகலும் வெள்ளரியும் பூக்கின்றன, பிஞ்சு வெம்பி உதிர்கிறது. இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தேனீ வந்தாக வேண்டும். தினமும் காலையில் தூரிகையை எடுத்துக்கொண்டு பூப்பூவாகத் தடவ எனக்கு நேரமில்லை. சுற்றிலும் தொட்டியில் துளசி, புதினா, கொத்தமல்லி என்று பூக்க விட்டால் அதற்கு வரும் தேனீ பாகலையும் எட்டிப் பார்க்கும். யோசனையில் தவறில்லை.

முதலில் அந்தப் பொட்டலம். கையளவு பிளாஸ்டிக் கவர், உள்ளே மணல் போல ஊதா நிறத் துகள். கவரில் மருந்தின் பெயர் இல்லை, கம்பெனி இல்லை, தயாரித்த தேதி இல்லை. ‘ஒரு பைக்கு ஒரு ஸ்பூன்’ என்று மட்டும் ஸ்டிக்கர். நாற்றுகளின் மண்ணைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் அங்கேயும் அதே ஊதாத் துகள். ஏற்கனவே போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் மாமாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே வீடியோ கால்.

“மாப்ள, மொதல்ல போய் சோப்புப் போட்டுக் கையக் கழுவு. அப்புறம் பேசு.”

கழுவிவிட்டு வந்தேன்.

“பாத்தா குருணை மருந்து மாதிரிதான் இருக்கு. வாழக்கன்னு நடுறப்போ சேத்துல முக்கி, வேரத் தாக்குற நூற்புழுவுக்குன்னு மேல தூவுவோம்ல, அது. இதப் போய் புதினாவுக்கு எவன் குடுத்தான்?”

அவர் சொன்னது கார்போஃபூரான் 3 சதவீதக் குருணையை. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இது இலை மேல் தெளிக்கும் மருந்து இல்லை. மண்ணில் கரைந்து, வேர் வழியாக ஏறி, செடி முழுவதும் பரவும் ஊடுருவு மருந்து. தண்டைத் துளைக்கும் புழு சாவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் செடிக்குத் தண்டு வேறு, பூ வேறு என்று தெரியாது. இலைக்கு ஏறியது பூவுக்கும் ஏறும். தேனீக்கு இது கடும் விஷம். துகளைத் தானியமென்று கொத்தித் தின்ற பறவைகள் கூட்டமாகச் செத்ததால்தான் வெளிநாடுகளில் இதன் மீது முதலில் நடவடிக்கை வந்தது. தன் நாட்டு உணவுப் பயிரில் இதன் எச்சத்துக்கு இருந்த அனுமதியை அமெரிக்கா 2009-ல் ரத்து செய்தது.

தேனீயை விடுங்கள், புதினாவை நாம் சாப்பிடுகிறோம். அம்மா நாற்றாக வந்த அந்தப் புதினாவைத் துவையலுக்குக் கிள்ளிக்கொண்டு வரக் கிளம்பியிருந்தார். நரம்பைத் தாக்கும் மருந்து இது. வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, கண்பாவை சுருங்குவது எல்லாம் இதன் அறிகுறிகள். குழந்தைகள் ஓடியாடும் மொட்டைமாடிக்கு இதைப் பேர் எழுதாத கவரில் அனுப்பியிருக்கிறார் ஒருவர்.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “சார், அது குரோத் ப்ரமோட்டர் சார், ஆர்கானிக்தான்” என்றார். எந்தக் கம்பெனி என்றால் “லோக்கல் சார்”. தேனீக்கென்று விற்கிற செடியில் பூச்சிமருந்து எதற்கு என்றேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் வந்தது பதில்: “பூச்சி வரக் கூடாதுன்னுதானே சார் எல்லாரும் கேக்குறாங்க?”

அது கார்போஃபூரானோ வேறு எதுவோ, உள்ளே இருப்பது பூச்சிமருந்து என்றால் இப்படி விற்பது 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி குற்றம். விற்க உரிமம் வேண்டும். மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் கட்டக் கூடாது. லேபிளில் மருந்தின் பெயர், அளவு, முறிவு மருந்து, நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. உரக்கடைக்குப் போனால் டப்பாவில் அந்தச் சாய்சதுரத்தைப் பார்க்கலாம். என் பொட்டலத்தில் இருந்த ஒரே சின்னம் சிரிக்கும் தேனீ.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை வெறும் பண நஷ்டம்தான்.

‘பிரெஞ்சு லாவெண்டர்’ என்று வந்த விதையைத் தண்ணீரில் போட்டதும் வழுவழுவென்று ஊதியது. ஃபலூடா சாப்பிட்ட எவருக்கும் அடையாளம் தெரியும். முளைத்து நாலு இலை விட்டதும் கசக்கி மோந்தேன், திருநீற்றுப்பச்சிலை. நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை என்று சில்லறைக் காசுக்குக் கிடைப்பதைப் பத்து விதை 180 ரூபாய் என்று விற்றிருக்கிறார். இதில் வேடிக்கை, லாவெண்டரே வந்திருந்தாலும் சென்னைப் புழுக்கத்தில் அது நிலைக்காது. திருநீற்றுப்பச்சிலை செழிப்பாக வளரும், தேனீயும் மொய்க்கும். ஏமாற்றியதில்தான் கொஞ்சம் நன்மை செய்திருக்கிறார்.

ரோஸ்மேரி நாற்று ‘வேர் விட்டது’ என்று விளம்பரம். லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அடியில் கத்தரித்த வெட்டு அப்படியே பளிச்சென்று இருந்தது. பார்சல் கட்டும் அன்றைக்குக் கிளையை ஒடித்துச் செருகியிருக்கிறார்கள். நீலகிரியில் ரோஸ்மேரியும் தைமும் வயலில் பயிராகவே விளைகின்றன. அங்கே போகிறவர்களிடம் சொல்லி வாங்குவது உத்தமம், அதுவும் வெயில் தாழ்ந்த மாதங்களில்.

கொத்தமல்லி விதை ரோஸ் நிறத்தில் பூச்சு பூசி வந்தது. அது பூஞ்சைக்கொல்லி நேர்த்தி செய்த விதை. விதைப்பதற்கு அப்படி விற்பதில் தவறில்லை, ஆனால் விஷம் கலந்தது, சாப்பிடக் கூடாது என்று பையில் எழுதியிருக்க வேண்டும், ‘ஆர்கானிக்’ என்று போடவும் முடியாது. பக்கத்திலேயே சமையலறை, நிறம் பார்த்து ஒரு குழந்தை வாயில் போட்டால்? நார்க்கழிவு கழுவாதது. அதிலுள்ள உப்பு இலை விளிம்பையெல்லாம் கருக்கியது. இரண்டு மூன்று தடவை ஊறவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் அது சரியாகும். பைகள் கோடை முடியுமுன் தூள்தூளாகிவிட்டன, புறஊதாக் கதிர் தாங்கும் ரகம் என்று போட்டிருந்தது பொய்.

குறிப்பேட்டைப் பற்றி மட்டும் இரண்டு வரி கூடுதலாக. ‘பூ மொட்டு வந்தால் உடனே கிள்ளிவிடவும், இலை நன்றாக வரும்.’ தேனீத் தோட்டத்துக்கு இந்த அறிவுரை! கீரைத் தொகுப்புக்கு எழுதியதை அட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு வரி, வாரா வாரம் காலையில் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்கிறது. காலையில்தான் தேனீ பூவில் இருக்கும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு, பூவில் படாமல் தெளியுங்கள்.

நாற்றையும் விதையையும் நீங்களும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். விதைப் பையில் ரகம், முளைப்புத்திறன் சதவீதம், சோதித்த தேதி, எதுவரை செல்லும் என்பது நான்கும் இருக்கிறதா பாருங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, உற்பத்தியாளர் தன் பொறுப்பில் விற்பதற்குப் பச்சை அட்டை. பழைய விதையாக இருக்குமோ என்று தோன்றினால் ஈரத்துணியில் பத்து விதையை மடித்து வைத்துப் பாருங்கள். நாற்று வந்ததும் மண்ணைக் கிளறி நிறத்துகள் இருக்கிறதா பாருங்கள். ‘ஆர்கானிக்’ என்று சொன்னால் சான்றிதழ் எண் கேளுங்கள். தமிழ்நாட்டில் விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை என்றே ஒரு துறை இருக்கிறது, எண் உள்ளவர் சொல்லத் தயங்க மாட்டார்.

இந்த ஊருக்கு கிட் தேவையே இல்லை என்பது இப்போது என் கட்சி. தெருமுனை நர்சரியில் துளசி, சமையலறை தனியாவை இரண்டாக உடைத்துத் தூவினால் கொத்தமல்லி, கட்டுப் புதினாவிலிருந்து நாலு தண்டு, மழைக்குத் தானாக முளைக்கும் தும்பை. கொஞ்சம் செடியைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். கொசுத்தேனீயும் அடுக்குத்தேனீயும் துளசிக்கு வந்தே தீரும்.

புகார் விவரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பெற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அதன் பிறகு விற்றவரே கூப்பிட்டார், ஒற்றை நட்சத்திர மதிப்புரையை எடுத்துவிட்டால் பாதிப் பணம் என்றார். முடியாது என்றேன். மதிப்புரை இருக்கிறது, பணம் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதே கிட் உங்களிடம் இருந்தால் பொட்டலத்தைக் குப்பையிலோ கழிவறையிலோ கொட்டாதீர்கள். கையுறை போட்டு இரண்டு கவருக்குள் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பில்லோடும் பார்சல் அட்டையோடும் சேர்த்து வையுங்கள். வேளாண்மைத் துறையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் கொடுக்க அதுதான் ஆதாரம். அந்த நாற்றுகளின் இலை எதையும் சமையலுக்கு எடுக்காதீர்கள், அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றவும் வேண்டாம்.